ஒரு தெரு நிறைய யூதர்கள்

பேத்தியின் புதுநன்மை விழாவுக்காக லண்டன் போகிறேன் என்றுதான் ஊரில் எல்லோரிடமும் சொன்னேன். அதில் பொய் இல்லை. என் மகள் கவிதா மணந்தது இலங்கையில் மன்னாரைச் சேர்ந்த கத்தோலிக்கப் பையனை. அவர்கள் மகள் அனெட்டுக்கு எட்டு வயது. வெள்ளைக் கவுன் போட்டுக்கொண்டு கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கப் போகிறாள். தாத்தா போகாமல் இருக்க முடியுமா? ஆனால் பெட்டியின் அடியில், மகள் கேட்டிருந்த இட்லிப் பொடிக்கும் கீழே, ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் ஒற்றைத் தாள் ஒன்று இருந்தது. என் மானம் மரியாதை மொத்தமும் அந்தத் தாளில்தான் இருந்தது.

நான் ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார். ஓய்வுக்குப் பிறகு சும்மா இருந்திருக்கலாம். இருக்காமல் எங்கள் ஊர் வரலாற்றைப் புத்தகமாக எழுதினேன். ஊர் பாலக்காட்டுக் கணவாய்க்கு இந்தப் பக்கம் இருக்கிறது. பெயரைச் சொல்லாமல் விடுகிறேன், ஊர்க்காரர்கள் ஏற்கெனவே போதுமான அளவு சிரித்துவிட்டார்கள். எழுதும்போது, நூறு ஆண்டுகளுக்கும் முந்தைய மக்கள் தொகைக் கணக்கெடுப்பின் அச்சிட்ட அட்டவணை ஒன்று கிடைத்தது. மதவாரியாகக் கட்டம் போட்டிருந்த அந்தத் தாளில் யூதர் என்று ஒரு கட்டம். சுற்றுவட்டாரத்தில் எல்லா ஊருக்கும் அந்தக் கட்டத்தில் வெறும் கோடு. எங்கள் ஊருக்கு மட்டும் ஓர் எண். பெரிய எண் இல்லை, ஆனால் ஒரு தெருவை நிரப்பப் போதும்.

நான் விடுவேனா? நான்காம் அத்தியாயம் முழுக்க யூதர்கள்தான். கொச்சியிலிருந்து கணவாய் வழியாக வந்தார்கள், சத்திரத் தெருவில் குடியேறினார்கள், ஏலக்காய் வியாபாரம் செய்தார்கள், பிறகு எங்கேயோ போய்விட்டார்கள் என்று வெளுத்து வாங்கியிருந்தேன். பேரூராட்சி மன்றம் அதைப் படித்துவிட்டு, சத்திரத் தெரு முனையில் 'பழைய யூதர் தெரு' என்று பலகை வைக்கத் தீர்மானம் போட்டது. நான் லண்டனிலிருந்து திரும்பும் வாரத்தில் திறப்பு விழா. சிறப்புரை யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரே ஒருவர்தான் குறுக்கே வந்தார். ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் சுப்பையா. டீக்கடையில் பத்துப் பேர் முன்னிலையில், "அந்தத் தெருவுக்கு எத்தனை வருசம் கடுதாசி பிரிச்சிருக்கேன். எங்கப்பாவும் பிரிச்சிருக்காரு. ஒரு யூதர் பேருக்கு ஒரு கார்டுகூட வந்ததில்லையே, வாத்தியாரே" என்றார். அந்தக் கணக்கெடுப்பின் கோப்பு லண்டனில் இருக்கிறது, பெயர் பெயராக எழுதிக்கொண்டு வந்து உங்கள் முன்னால் போடுகிறேன் என்று நானும் அதே பத்துப் பேர் முன்னிலையில் சொல்லிவிட்டேன்.

விமான நிலையத்தில் என் சம்பந்தி மரியநாயகம் கோட்டும் டையுமாக வந்து நின்றார். லண்டனில் முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். நான் பெட்டியைப் பிடித்தேன், அவரும் பிடித்தார். சம்பந்தி தூக்குவதா என்று நான் விடவில்லை, விருந்தாளி தூக்குவதா என்று அவர் விடவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டு கார் நிறுத்தும் இடம்வரை போனோம். பெட்டிக்குச் சக்கரம் இருந்தது என்பதை மாப்பிள்ளை ஜூட்தான் நினைவுபடுத்தினார்.

வீடு நார்த் ஹரோவில். அங்கே வீடுகள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. இரண்டு குடும்பத்துக்கு நடுவில் ஒரே சுவர். எங்கள் ஊரில் அப்படி ஒரு பொதுச்சுவர் இருந்தால் மூன்று தலைமுறைக்குக் கோர்ட்டில் வழக்கு நடக்கும். இங்கே பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் வேலிக்கு மேலே தலையை நீட்டி, மழை வரும்போலிருக்கிறது என்றார். மழை ஏற்கெனவே பெய்துகொண்டிருந்தது.

சாப்பாட்டு மேசையில் சம்பந்தியம்மா றீற்றா குழல் புட்டும் கணவாய்க் கறியும் வைத்தார். கணவாய் மீனைப் பற்றி எனக்கு முன்பின் தெரியாது. கணவாய் என்றால் எனக்குப் பாலக்காடுதான். ரப்பர்போல இழுத்தது, ஆனால் குழம்பு அபாரம். பிறகு மஞ்சளாக, தண்ணீராக ஒன்று வந்தது. இது என்ன ரசமா என்று கேட்டுவிட்டேன். மேசை மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அது சொதி, தேங்காய்ப்பாலில் செய்வது. சொதியை ரசம் என்று சொன்னவன் என்ற பெயர் எனக்கு அன்று நிலைத்தது, இன்னும் போகவில்லை.

இரண்டாம் நாள் நூலகம் புறப்பட்டேன். நான் தனியாகவே போய்க்கொள்வேன் என்றேன். "நீங்கள் துலைஞ்சு போனால் மருமகளுக்கு ஆர் பதில் சொல்லுறது?" என்று சம்பந்தியும் கோட்டை மாட்டிக்கொண்டார். றீற்றா அம்மா எட்டு மீன் ரோல்ஸ் கட்டிக் கொடுத்தார்.

கிங்ஸ் கிராஸ் பக்கத்தில், வெள்ளைக்காரன் காலத்து இந்தியக் கோப்புகளை வைத்திருக்கும் அந்தச் செங்கல் நூலகத்துக்குள் வாசகர் அட்டை இல்லாமல் நுழைய முடியாது. மேசைக்குப் பின்னால் இருந்த பெண் நான் எதை ஆராய்கிறேன் என்று கேட்டாள். முப்பத்தைந்து வருடம் கேள்வி கேட்டே பழகியவன் நான், பதில் சொல்லி வழக்கமில்லை. ஒருவழியாகத் தென்னிந்திய யூதர்கள் என்று சொல்லி முடித்தேன். சம்பந்தியிடமும் கேட்டாள். அவர் என்னைக் காட்டி, இவரை என்றார். அவருக்கும் ஓர் அட்டை கிடைத்தது.

உள்ளே பேனாவுக்குத் தடை. என் சட்டைப் பையில் இருந்த நான்கு பேனாக்களையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பெட்டகத்தில் வைக்கச் சொன்னார்கள். காவடி எடுப்பதற்கு முன் கடுக்கனைக் கழற்றுவதுபோல இருந்தது. ஒரு பென்சில் மட்டும் அனுமதி. மீன் ரோல்ஸும் பெட்டகத்துக்குள் போனது. மதியம் திரும்பி வந்தபோது அந்த வரிசைப் பெட்டகங்களைத் திறக்க வந்தவர்கள் எல்லோரும் மீன் வாசனையில் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என் கோப்பைப் பதிவேட்டில் தேடிக் கண்டுபிடித்துவிட்டேன். எங்கள் தாலுகா, அந்தக் கணக்கெடுப்பு, கடிதப் போக்குவரத்து. கேட்டு விண்ணப்பித்தால், வேறொரு வாசகர் கையில் இருக்கிறது என்று பதில் வந்தது. எங்கள் தாலுகாவின் கோப்பு! எங்கள் தாசில்தார் அலுவலகத்தில் இருப்பவர்களே அந்தத் தாலுகாவின் கோப்பைத் திறந்து பார்ப்பதில்லை. லண்டனில் எனக்கு முன்னால் ஒருவர் எடுத்துவிட்டாரா? சுப்பையாவுக்கு இங்கேயும் ஆள் இருக்கிறதோ என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது.

திரும்பும்போது சம்பந்தி ஒரு ரயிலைக் காட்டி ஏறச் சொன்னார். அது விரைவு வண்டி என்று பலகையில் எழுதியிருந்ததை நான் பார்த்தேன். முப்பது வருடம் லண்டனில் வண்டி ஓட்டியவரிடம் போய் எப்படிச் சொல்வது? நார்த் ஹரோ வந்தது, கண்ணுக்கு முன்னால் போயும் விட்டது. பின்னர் வந்த நிலையங்களும் அப்படியே போயின. சம்பந்தி ஜன்னலுக்கு வெளியே ரசித்துப் பார்ப்பவர்போல முகத்தை வைத்துக்கொண்டார். மூர் பார்க் என்ற இடத்தில் இறங்கினோம். சுற்றிலும் மரம், கோல்ஃப் மைதானம், நாய் பிடித்துக்கொண்டு நடக்கும் பணக்காரர்கள். மழையில் முக்கால் மணி நேரம் நின்றோம். "ரெயில் என்ர டிப்பார்ட்மென்ட் இல்லை" என்றார் கடைசியில். வீட்டில் இதைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நான் சொல்லவில்லை. மிச்சமிருந்த ரோல்ஸை இருவரும் தின்று தீர்த்தோம்.

மூன்றாம் நாள் எல்லோருமாக வெம்பிளிக்குப் போய் அனெட்டுக்கு வெள்ளைச் செருப்பு வாங்கினோம். அந்தக் கடைத்தெருவில் குஜராத்தி ஒரு பக்கம் கேட்கிறது, தமிழ் ஒரு பக்கம் கேட்கிறது. முருங்கைக்காய் கட்டுக்கட்டாகக் கிடந்தது. எந்தச் செருப்பும் அனெட்டுக்குப் பிடிக்கவில்லை. "அம்மப்பா, யு சூஸ்" என்று என்னிடம் தள்ளிவிட்டாள். நான் தேர்ந்தெடுத்ததைப் பார்த்துவிட்டு, அதைத் தவிர வேறு எது வேண்டுமானாலும் சரி என்றாள். அப்படித்தான் செருப்பு முடிவானது.

நான்காம் நாள் மறுபடி நூலகம். கோப்பு இன்னும் அந்த இன்னொரு வாசகரிடமே இருந்தது. கீழே காப்பிக் கடையில் உட்கார்ந்து நானும் சம்பந்தியும் தமிழில் அந்த மனிதரை நன்றாகத் திட்டிக்கொண்டிருந்தோம். பக்கத்து மேசையில் இருந்த வயதான பெண்மணி எழுந்து வந்தார். எழுபத்தைந்து இருக்கும், நரைத்த குட்டை முடி, கழுத்தில் மூக்குக்கண்ணாடி தொங்கியது. நீங்கள் பேசுவது தமிழா, உங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் வாத்தியார் என்றேன். உடனே அவர் முகம் மலர்ந்து, மலையாளத்தில் "மாஷே" என்று கூப்பிட்டார். கேரளத்தில் வாத்தியாரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அவர் பெயர் மிரியம். கொச்சியில் பிறந்த யூதர். சின்ன வயதிலேயே குடும்பத்தோடு இஸ்ரேல் போய், கல்யாணத்துக்குப் பிறகு லண்டன் வந்தவர். நாங்கள் திட்டிக்கொண்டிருந்த வாசகர் அவர்தான்.

அவர் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவருடைய அம்மாவின் அப்பா கண்ணாடி விற்பவர், மூக்குக்கண்ணாடி. பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். மிரியத்தின் அம்மா கைக்குழந்தையாக இருந்தபோது ஒருமுறை கிழக்கே போனவர் திரும்பவில்லை. வேறு குடும்பம் வைத்துக்கொண்டார் என்று ஊர் பேசியது. பாட்டி அதை நம்பினார், பிள்ளைகளும் நம்பினார்கள். "அம்மா சாகும்வரை அவரைத் திட்டினாள். எனக்கும் திட்டக் கற்றுக்கொடுத்தாள்" என்றார் மிரியம். கொச்சி யூதர்களைப் பற்றிய கணக்கெடுப்புப் பதிவுகளை எல்லாம் பார்த்து முடித்துவிட்டார். அவற்றில் இருப்பது எண்கள்தான், பெயர்கள் இல்லை. வீடு வீடாக எழுதிய தாள்களைக் கூட்டிப் போட்டபின் அழித்துவிடுவது அன்றைய வழக்கம். கடைசியாக, கிழக்கே எந்த ஊரிலாவது யூதர் என்ற கட்டத்தில் கோட்டுக்குப் பதில் எண் இருக்கிறதா என்று தேடியிருக்கிறார். எங்கள் ஊர் கிடைத்திருக்கிறது.

அதற்குமேல் என்னால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. எங்கள் ஊரில் ஒரு தெருவே யூதர்கள் இருந்தார்கள், நான் புத்தகமே எழுதியிருக்கிறேன், பலகை திறக்கப் போகிறோம் என்று அவிழ்த்துவிட்டேன். மிரியம் இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டார். அப்படியானால் அவர் அங்கே தன் ஆட்களோடுதான் இருந்தாரா என்றார். விழாவுக்குத் தன் அக்காவையும் இஸ்ரேலிலிருந்து வரவழைத்துக் கூட்டிவருவதாகச் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். சம்பந்தி அன்றைக்குக் கட்டிக்கொண்டு வந்திருந்த ரோல்ஸை அவருக்கு நீட்டினார். தங்கள் சமையல் முறைப்படி செய்ததைத்தான் சாப்பிடுவேன் என்று அவர் மறுத்தார். ஒருவரை வெறும் வாயோடு உட்காரவைத்துவிட்டோமே என்று சம்பந்திக்கு வருத்தம், இன்னும் இரண்டு முறை நீட்டினார்.

பிறகு மிரியம் தன் கைக்கணினியை எடுத்தார். கோப்பில் இருக்கும் ஆங்கிலக் கடிதங்களை எல்லாம் படித்துவிட்டாராம். இந்த ஊரில் யூதர்கள் எப்படி வந்தார்கள் என்று மேலிடம் விளக்கம் கேட்டிருக்கிறது. விளக்கம் இணைப்பில் உள்ளது என்று தாசில்தார் அனுப்பியிருக்கிறார். அட்டவணை ஏற்கெனவே அச்சாகிவிட்டது, ஆகவே மேல் நடவடிக்கை வேண்டாம் என்று கோப்பை மூடியிருக்கிறார்கள். அந்த இணைப்பு மட்டும் தமிழில் இருக்கிறது, யாரும் மொழிபெயர்க்கவில்லை. அதன் படத்தை எங்கள் முன்னால் வைத்தார்.

பழைய கையெழுத்து. எழுத்துக்கு எழுத்து ஒட்டியிருந்தது, மருந்துக்குக்கூடப் புள்ளி இல்லை. பத்திரம் படித்துப் பழகியவன் என்பதால் எனக்கு ஓடியது. சம்பந்தி திரையில் விரலை வைத்து எழுத்துக்கூட்டிக்கொண்டு எனக்கு ஐந்தாறு வரி பின்னால் வந்தார். நான் முடித்துவிட்டேன். முடித்தபிறகு காப்பிக் கோப்பையை எடுத்தேன், அதில் காப்பி இல்லை.

என் நான்காம் அத்தியாயம் மொத்தமும் போயிற்று. பலகை போயிற்று. சுப்பையாவின் சிரிப்பு லண்டன்வரை கேட்டது.

இந்தத் தாளை உலகத்தில் இப்போது முழுதாகப் படித்தவன் நான் ஒருவன்தான். ஊரிலிருந்து இன்னொருவன் கிளம்பி வந்து இந்தக் கோப்பைத் தேடப் போவதில்லை. விளக்கு எண்ணெய் போதவில்லை என்று கணக்கெடுத்தவன் புகார் எழுதியிருக்கிறான், வேறொன்றும் இல்லை என்று மிரியத்திடம் சொல்லிவிட்டால் முடிந்தது. மிரியம், என்ன எழுதியிருக்கிறது மாஷே என்று கேட்டார். நான் காலிக் கோப்பையை இன்னொரு முறை சாய்த்துப் பார்த்தேன். அதற்குள் சம்பந்தியின் விரலும் கடைசி வரிக்கு வந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தமிழில் சொன்னார்.

"சம்பந்தி, மூர் பார்க்கை நீங்கள் வீட்டில சொல்லேல்லை. நீங்கள் இப்ப என்ன சொன்னாலும் நான் ஓம் எண்டுவன்."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அந்த வார்த்தைதான் என்னை மாட்டிவிட்டது. உலகத்தில் யாரிடம் வேண்டுமானாலும் ஒரு பொய்யை ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம், சம்பந்தியிடம் முடியாது. இனி ஒவ்வொரு பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் வீடியோவில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அதோடு எதிரில் மிரியம் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, காதால் கேட்கப் போவதற்குக் கண்ணைத் தயார் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

படித்தேன். ஒவ்வொரு வரியாகத் தமிழில் படித்து ஆங்கிலத்தில் சொன்னேன்.

"தாசில்தார் அவர்கள் சமூகத்துக்கு, சத்திரத் தெருவுக்குக் கணக்கெடுக்க நியமிக்கப்பட்ட பள்ளிக்கூட உபாத்தியாயர் எழுதிக்கொள்வது. கணக்கு ராத்திரி மேற்படி சத்திரத்தில் தங்கியிருந்தவர்களில் முதல் பேர் கொச்சி ஏலியா. மதம் யூதர். தொழில் மூக்குக்கண்ணாடி வியாபாரம். மேற்படியார், கொச்சியிலிருக்கும் தம்முடைய பெண்சாதியையும் நாலு பிள்ளைகளையும் சேர்த்து எழுத வேண்டுமென்று பிடிவாதம் பண்ணினார். இவ்விடத்தில் இருக்கிறவர்களை மாத்திரம் எழுதும்படி சர்க்கார் உத்தரவு என்று சொன்னேன். அவ்விடத்தில் நான் இல்லாமல் எழுதினால் தகப்பனில்லாத பிள்ளைகள் என்று ஆகிவிடும், ஆகையால் என்னோடு எழுதும் என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார்."

மிரியம் இங்கே நிறுத்தச் சொன்னார். ஏலியா என்பதுதான் அவர் தாத்தாவின் பெயர். நாலு பிள்ளைகள்தான். கையைப் பிடித்துக்கொண்டார் என்ற வரியை மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன். இன்னொரு முறை கேட்டார். மறுபடியும் படித்தேன். சம்பந்தி எழுந்து போய் யாரும் கேட்காமலே மூன்று தேநீர் வாங்கி வந்தார்.

மிச்சத்தையும் படித்தாக வேண்டும். "இந்தத் தர்க்கத்தில் வெகுநேரம் போய் விளக்கில் எண்ணெயும் குறைந்துவிட்டபடியால், சத்திரத்திலிருந்த பாக்கிப் பேருக்கு மதம் என்ற கலத்தில் மேற்படி, மேற்படி என்று போட்டுவிட்டேன். அவர்கள் பாலக்காட்டு வண்டிக்காரர்களும், பழனிக்குக் காவடி எடுத்துப்போகிறவர்களும். இந்தப் பிசகை மன்னிக்கக் கோருகிறேன்."

எங்கள் ஊரில் ஒரு தெரு நிறைய இருந்த யூதர்கள் யார் என்று இப்போது தெரிந்துவிட்டது. திருநீறு பூசி, காவடி தூக்கி, முருகனைப் பார்க்கப் போன கூட்டம். காவடி என்றால் என்ன என்று மிரியம் கேட்டார். சம்பந்தி எழுந்து நின்று தோளில் வைத்து இரண்டு எட்டு ஆடிக் காட்டினார், கத்தோலிக்கருக்கு இவ்வளவு நன்றாக வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மிரியம் கண்ணீரைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். காப்பிக் கடையே திரும்பிப் பார்த்தது. அத்தனை ஆராய்ச்சியாளர்களும் பென்சிலும் கையுமாக எங்களைப் பார்த்தார்கள்.

அந்த உபாத்தியாயரைக் குறைசொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆசிரியர் வேலையில் இருந்தபோது நானும் கணக்கெடுப்புக்குப் போனவன். மேற்படி போடாதீர்கள் என்று பயிற்சியிலேயே தலையில் அடித்துச் சொல்வார்கள். உச்சி வெயிலில், கடைசித் தெருவில், ஒரு வீட்டில் குடியிருந்த பெண்ணுக்குத் தாய்மொழி என்ன என்று கேட்காமல் முந்தின வீட்டில் எழுதியதையே எழுதினேன். அந்த ஊரில் அவளுடைய மொழி பேசியவள் அவள் ஒருத்திதான் என்பது பிறகு தெரிந்தது. சரியா எழுதிட்டீங்களா சார் என்று வாசல்வரை வந்து கேட்டாள். எழுதிட்டேம்மா என்றேன். இதை மிரியத்திடம் சொன்னேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அவர் தாத்தா அதற்குப் பிறகு எங்கே போனார், என்ன ஆனார் என்பது அந்தக் கோப்பில் இல்லை. மிரியம் அதைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. "எங்களை எழுதச் சொல்லியிருக்கிறார்" என்று மட்டும் இரண்டு மூன்று முறை சொன்னார். பிரியும்போது, அப்படியானால் பலகை இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன்.

அன்று மாலை ஊர் வாட்ஸ்அப் குழுவில் எல்லாவற்றையும் எழுதினேன். காவடிக்காரர்களையும் மறைக்கவில்லை. எழுதி அனுப்பிவிட்டுப் போனைத் தலையணைக்கு அடியில் வைத்தேன். ஐந்தாம் நாள் காலையில் எடுத்துப் பார்த்தால், சிரித்துக்கொண்டே அழும் மஞ்சள் முகங்கள் வரிசையாக. பழனிக்கு மாலை போட்டிருக்கும் என் பழைய மாணவன் ஒருவன், சார் நானும் யூதனா என்று கேட்டிருந்தான். கவுன்சிலர், பலகைக்குப் பெயின்ட் அடித்தாயிற்று, இப்போது என்ன செய்வது என்று கொதித்திருந்தார். சுப்பையாவிடமிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இன்னொன்றும் அன்று நடந்தது. காலைச் சாப்பாட்டின்போது சம்பந்தி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தான் என்னை மூர் பார்க் கொண்டுபோய் விட்டதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். றீற்றா அம்மா அதற்கு வெகுநேரம் சிரித்தார். என் மானம் போன வேகத்தில் அவர் மட்டும் தப்பித்திருப்பது நியாயமில்லை என்று நினைத்திருப்பார்.

ஆறாம் நாள் புதுநன்மை. அனெட் வெள்ளைக் கவுனில் மிகவும் பொறுப்பாக நடந்துபோனாள், செருப்பு ஒரு சைஸ் பெரிது என்பது எங்களுக்கு மட்டும்தான் தெரியும். பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் விருந்து. ஃபிரைட் ரைஸ், கோழிக்கறி, வட்டிலப்பம். நான் மிரியத்தையும் அழைத்திருந்தேன். ஒரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். தன் அடுப்பில் தானே செய்ததாம், அதனால் அவரும் எங்களோடு சாப்பிடலாமாம். கொச்சி யூதர் வீடுகளில் செய்யும் பாஸ்டல் என்றார். அரைவட்டமாக மடித்துப் பொரித்து, ஓரத்தை அழுத்தி விட்டிருந்தது. சம்பந்தி ஒன்றைக் கடித்துவிட்டு மிரியத்தை உற்றுப் பார்த்தார். "இது எங்கட பற்றிஸ் எல்லே" என்றார். இலங்கையிலும் இதே பலகாரம் உண்டாம். அதற்குப் பிறகு அவர் அந்த டப்பாவைவிட்டு நகரவில்லை.

அப்போதுதான் என் போன் அடித்தது. சுப்பையா. எழுந்து ஓரமாகப் போனேன். என்ன வந்தாலும் வாங்கிக்கொள்வது என்று தயாராகத்தான் எடுத்தேன்.

"பலகை என் வீட்டுத் தாழ்வாரத்துலதான் கிடக்குது, வாத்தியாரே" என்றார். "பழைய பெயின்ட்டைச் சுரண்டச் சொல்லிட்டேன். ஒரு ஆள் வந்து தங்கினது நெசம்தானே? அந்த ஒரு ஆளுக்கு வைப்போம். என்ன எழுதணும்னு அனுப்புங்க. இந்தத் தடவை தப்பில்லாம அனுப்புங்க."

கவுன்சிலர் என்று இழுத்தேன். அவரிடம் பேசியாயிற்று என்றார். ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. கடைசியில் அவரே சொன்னார்: "வந்து சேராத கடுதாசி எத்தனையோ பார்த்திருக்கேன். நூறு வருசம் கழிச்சு ஒண்ணு இப்பத்தான் போய்ச் சேந்திருக்கு." போனை வைத்துவிட்டார். இத்தனை வருடம் அந்த மனிதரை நான் தப்பாகவே எடை போட்டிருந்தேன் என்று தோன்றியது, சங்கடமாக இருந்தது.

மேசைக்குத் திரும்பிவந்து மிரியத்திடம் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், அவர் தாத்தா அந்த உபாத்தியாயரைப் பிடித்துக்கொண்டதுபோல. நான் சட்டைப் பையைத் தடவினேன். பேனாக்களை நூலகப் பெட்டகத்திலேயே மறந்துவிட்டிருக்கிறேன், இருந்தது அந்தப் பென்சில்தான். எழுதத் தாள் வேண்டும். கையில் கிடைத்தது அனெட்டின் புதுநன்மை அழைப்பிதழ். திருப்பி வெள்ளைப் பக்கத்தை மேலே வைத்தேன்.

இந்தத் தெருச் சத்திரத்தில் கணக்கெடுப்பு இரவில் தங்கியிருந்தவர் ஏலியா, மூக்குக்கண்ணாடி வியாபாரி, ஊர் கொச்சி என்று முதல் வரியை எழுதினேன். பிறகு அவர் வீட்டுக்காரியின் பெயரைக் கேட்டேன். அங்கே இல்லாதவர்களையும் எழுதலாமா, மாஷே என்றார் மிரியம். எழுதலாம் என்றேன். நிதானமாகச் சொன்னார். மனைவி சாறா. மூத்தவள் எஸ்தேர். அடுத்தவன் மோசஸ். அடுத்தவள் லேயா. கைக்குழந்தை ரிவ்கா, அது அவருடைய அம்மா. ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ஊர் எழுத வேண்டியிருந்தது. ஐந்து பேருக்கும் ஒரே ஊர்தான். கொச்சி என்று ஐந்து முறையும் முழுதாக எழுதினேன்.